வரம்பு

எழுத்து முடிந்து பன்னிரண்டாம் நாள்,
ஆஸ்பத்திரி வீதியில், மூன்றாம் மாடியில்,
இருநூற்றுப் பதினாறு பேரின் சம்பளத்தை
மாதாமாதம் கூட்டிக் கழிக்கிற என் மேசையிலிருந்து
என் பெயருக்கு நேரே
'தனியாள்' என்பதை அழித்து
'மணமானவர்' என்று மாற்றினேன்.
கணினி ஒரு கணம் யோசித்தது.
பிறகு
அதே தொகை.
ஒரு சதம் கூடவில்லை, குறையவுமில்லை.

தெரியும்தான்.
ஒன்பது வருடமாகப் புதுத் தாலியோடும் மோதிரத்தோடும்
படி ஏறி வருகிறவர்களுக்கு
நான்தானே சொல்லி அனுப்புகிறேன்:
"கலியாணத்துக்கு வரிக் கழிவு இல்லை, தங்கச்சி.
பெயர் மாறினால் மட்டும் அறிவியுங்கோ."
ஆனாலும் கை
திரும்ப அழித்து, திரும்ப எழுதிப் பார்த்தது.

இரவு, கொக்குவில் வாடகை வீட்டில்,
இன்னும் பிரிக்காத பரிசுப் பெட்டி ஒன்றை மேசையாக்கி
(மணிக்கூடாகத்தான் இருக்கும்; உள்ளே ஓடுகிறது)
தேனுகா தன் படிவத்தை விரித்தாள்.
கிழமை நாளில் மென்பொருள் கம்பனி.
சனி ஞாயிறில் தனியார் கல்லூரியில் விரிவுரை.
இரண்டு சம்பளம், விலக்கு ஒன்றுக்கு மட்டும்.
முதன்மைத் தொழில் எது?
ஒரு கட்டத்தில் புள்ளடி இடுக.

"படிப்பிக்கிறதை இரண்டாவது எண்டு
என்ர கையாலயே எழுதச் சொல்லுறியளோ?"
"காசு கூட வாற இடம்தான் முதன்மை."
"அது உங்கட கந்தோர்க் கணக்கு."
நான் பேசாமல் பேனையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

சாதகம் பார்த்தவர் பத்துக்கு ஏழு என்றாராம்.
எங்கள் சம்பளத் துண்டுகளை
யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.
அன்றுதான் வைத்தோம்.
அவளிடம் மாதம் பிடிக்கிற வரி
இந்த வீட்டு வாடகையில் பாதி.
என்னிடம் வரி பிடிப்பதில்லை.
ஊரில் எல்லோருடைய சம்பளமும் அறிந்தவன்
என் மனைவியின் கடைசி வரியை
இரண்டு தரம் வாசித்தேன்.
அவள் என் துண்டை ஒரு தரம் வாசித்து
மடித்துத் தந்தாள். மடித்த விதம் மெதுவாக இருந்தது.
அதுதான் கொஞ்சம் சுட்டது.

"வரி வரம்புக்கு இன்னும் எவ்வளவு கிடக்கு உங்களுக்கு?"
"நிறைய."
"அந்த மிச்ச இடத்துக்குள்ள
என்ர கொஞ்சத்தை விடேலாதோ?"
"ஏலாது. ஆளுக்கு ஆள் தனித்தனி."

அவள் எழும்பிப் போய்
அலுமாரியிலிருந்து சீதன உறுதியைக் கொண்டுவந்தாள்.
உரும்பிராயில் நான்கு பரப்பு,
கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு,
வழி வாய்க்கால் பாவனை உரித்து.
விரல் வைத்து வாசித்தாள், நீதிமன்றத்தில் போல:
"பாருங்கோ, தண்ணியைப் பங்கு போட்டிருக்கினம்.
நடக்கிற வழியைப் பங்கு போட்டிருக்கினம்.
செவ்வாய்க்கிழமை மெஷின் ஆற்ற முறை எண்டு
மூண்டு வீட்டுக்கும் தெரியும்.
இதுக்கு மட்டும் வரம்பு வெட்டித் திறக்க
ஒருத்தருக்கும் தெரியேல்லையோ?"

சட்டத்தின் பிரிவு எண் எனக்குப் பாடம்.
சொல்ல வாயெடுத்தேன்.
மின்சாரம் நின்றது.

கைபேசி வெளிச்சத்தில்தான் அவள் புள்ளடி இட்டாள்:
கம்பனிக்கு நேரே.
கோபமா அவசரமா தெரியாது,
பேனை தாளை அழுத்திக் கிழிக்கப் பார்த்தது.

காலையில் கந்தோரில் பையைத் திறந்தபோது
அடியில் இருந்த என் சம்பளத் துண்டில்,
வரி என்ற வெற்றுக் கட்டத்துக்குச் சற்றுத் தள்ளி,
மை இல்லாமல் பதிந்திருந்தது ஒரு புள்ளடி.
விரலால் தடவினால்தான் தெரியும்.

கோப்பில் போடவில்லை. மேசை லாச்சிக்குள் வைத்தேன்.
கறண்ட் பில் யார் கட்டுவது என்று
இன்னும் பேசி முடிக்கவில்லை.